காதல் கடுதாசி: லேடி எமிலிக்கு வந்த குட்டிப் பெட்டியும், கட்டப்படாத வெள்ளை வீடும்!

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா. மாலை ஆறரை மணி. ஏற்காட்டிலிருந்து இறங்கும் கார்களும் டவுனிலிருந்து வரும் பஸ்களும் ஹாரனாலேயே சண்டை போட்டுக்கொள்ளும் நேரம். ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். ‘சாப்டீங்களா... அங்க இப்போ மணி என்ன?’ என்று அவள் கேட்பதிலேயே விஷயம் புரிந்துவிடும். ஆவணியில் நிச்சயம் முடிந்திருக்கும். தையில் கல்யாணம். மாப்பிள்ளை வெளிநாட்டில்.

நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் வருகிற அந்தச் சில மாதங்கள் விசித்திரமானவை. அவர்கள் அந்நியரும் இல்லை. கணவன் மனைவியும் இல்லை. பேச ஆயிரம் இருக்கும். பேச வேண்டியதை மட்டும் பேசாமல் விட்டிருப்பார்கள்.

இன்று வீடியோ கால் இருக்கிறது. 125 வருடங்களுக்கு முன்பு இருந்தது பேனாவும் தபால்காரரும்தான். அப்படி எழுதியே காதலித்து, எழுதியே வாழ்ந்து, எழுதியே சண்டை போட்டு, எழுதியே சமாதானமான ஒரு ஜோடியின் கதை இது. எழுதியவர், இன்றைய ராஷ்டிரபதி பவனைக் கட்டிய எட்வின் லுட்யன்ஸ். படித்தவர், இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபுவின் மகள் லேடி எமிலி.

சேலத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

அஸ்தம்பட்டி ஒரு காலத்தில் சேலத்தின் வெள்ளைக்காரர் குடியிருப்பு. பெரிய காம்பவுண்டு, ஓட்டு பங்களா, வாசலில் குதிரை வண்டி என்று வாழ்ந்த கலெக்டரும் மற்ற அதிகாரிகளும் கப்பல் தபாலுக்காகக் காத்திருந்த இடம் அது. லண்டனில் போடும் கடிதம் சூயஸ் கால்வாய் வழியாக பம்பாய்க்கு வந்து, ரயிலேறி சேலம் சேர வாரக்கணக்கில் ஆகும். பதில் போய்ச் சேர்ந்து அடுத்த கடிதம் வருவதற்குள் ஒரு பருவமே மாறிவிடும்.

அந்த அதிகாரிகளுக்கெல்லாம் உச்சத்தில் இருந்தவர் வைஸ்ராய். 1876-ல் அந்தப் பதவிக்கு வந்த லிட்டன் பிரபுவின் குடும்பத்தோடு, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தையாக இந்தியா வந்தவர்தான் எமிலி. 1874 டிசம்பர் 26-ல் பாரிஸில் பிறந்தவர். சிம்லாவிலும் கல்கத்தாவிலும் ஆயாக்களின் மடியில் வளர்ந்தார்.

அதே நேரத்தில் சேலத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் நகர முடியாது. 1877 ஜனவரி 1-ம் தேதி லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தார். அப்போது தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் தின்றுகொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்து கல் உடைத்தவர்களுக்கே நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரை கிலோவுக்கும் குறைவு என்று படியளந்த ஆட்சி அது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19½ லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881-ல் சுமார் 16 லட்சம்.

இந்தக் காதல் கதையில் ‘அந்தஸ்து’ என்ற சொல் அடிக்கடி வரும். அந்த அந்தஸ்துக்கு இப்படியும் ஒரு பக்கம் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மேலே படிக்கலாம்.

பேர் பெருசு... பெட்டி காலி!

1880-ல் லிட்டன் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் நெப்வொர்த் என்ற கோட்டை போன்ற வீடு அவர்களுடையது. தாத்தா எட்வர்ட் புல்வர் லிட்டன் புகழ்பெற்ற நாவலாசிரியர். அப்பாவும் கவிஞர். ஆனால் 1891-ல் அப்பா இறந்ததும் நிலைமை மாறியது. பட்டம் இருந்தது, கையில் பணம் இல்லை. எமிலியின் அம்மா லேடி லிட்டன், விக்டோரியா ராணியின் அரண்மனையில் ராணிக்குத் துணையாக இருக்கும் சீமாட்டிகளில் ஒருவராகப் பதவி ஏற்றார். பிரபு குடும்பத்துப் பெண்களுக்கே கிடைக்கிற கௌரவமான பதவி. அதே சமயம், அந்தச் சம்பளமும் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது.

எமிலிக்குச் சின்ன வயதிலிருந்தே எழுதும் பழக்கம் உண்டு. அதுவும் எப்படி? விட்வெல் எல்வின் என்ற எழுபது வயது கடந்த பாதிரியாருக்கு! 1887-ல், எமிலிக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையாதபோது தொடங்கிய கடிதப் போக்குவரத்து அது. வீட்டுச் சண்டை, கோபம், சலிப்பு, காதல் குழப்பம் என எல்லாவற்றையும் அந்தத் தாத்தாவிடம் ஒளிக்காமல் கொட்டினார். பாட்டியானபிறகு, 1953-ல், அந்தக் கடிதங்களையே ஒரு புத்தகமாக வெளியிட்டார். மனசில் பட்டதைப் பட்டபடி எழுதும் கை எமிலிக்கு அப்படித்தான் வந்தது.

சைக்கிளில் வந்த மாப்பிள்ளை

1896-ல் எமிலிக்கு 21 வயது. சர்ரே மாவட்டத்தில், குடும்பத் தோழியான பார்பரா வெப் என்பவரின் மூலம் ஓர் இளைஞனின் பழக்கம் கிடைத்தது. எட்வின் லுட்யன்ஸ், வயது 27. வேண்டியவர்களுக்கு ‘நெட்’.

நெட்டின் குடும்பத்தில் ஒரு டஜனுக்கு மேல் பிள்ளைகள். அப்பா ராணுவத்தை விட்டு ஓவியரானவர், வருமானம் நிலையில்லாதது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்ததால் நெட்டுக்கு ஒழுங்கான பள்ளிப் படிப்பு இல்லை. எழுதினால் எழுத்துப் பிழை கொட்டும். ஆனால் கையில் பென்சில் கிடைத்தால் கட்டடம் எழுந்து நிற்கும். இருபது வயதிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார். தோட்டக்கலையில் பெரும் பெயர் பெற்ற கெர்ட்ரூட் ஜீகில் அம்மையாருக்கு மன்ஸ்டெட் உட் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

சர்ரேயின் கிராமத்துச் சாலைகளில் சைக்கிள் சவாரி, கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைச் சுற்றிக் காட்டுவது என்று தொடங்கியது பழக்கம். இந்த ஊர்ப் பையன் பெண்ணைத் தன் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் ‘இது என் சீட்’ என்று காட்டுவது மாதிரிதான்! சீக்கிரமே லேடி லிட்டனுக்கு விஷயம் போனது.

பதில்? முடியாது.

காரணம் நம் வீடுகளில் சொல்லப்படும் அதே காரணம்தான். பையன் நல்லவன்தான், வருமானம்? குடும்பம்? வைஸ்ராய் மகளை ஒரு கட்டட வேலைக்காரனுக்கா கொடுப்பது? எமிலியின் அக்கா பெட்டி, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான ஆர்தர் பால்ஃபரின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்த வரிசையில் லுட்யன்ஸ் எங்கே உட்காருவார்?

அன்றைய பிரபு குடும்பங்களில் கடிதத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. கல்யாணமாகாத பெண் ஓர் ஆணுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினால், அவர்களுக்கு நிச்சயமாகிவிட்டது என்றே ஊர் பேசும். நிச்சயம் ஆகாமல் எழுதினால் பெண்ணின் பேர் கெடும். நிச்சயம் செய்துவிட்டு ஆண் பின்வாங்கினால், அதே கடிதங்கள் வாக்குத் தவறிய வழக்கில் கோர்ட்டுக்குப் போகும். அதனால் ‘சம்மதம் இல்லை’ என்று அம்மா சொன்னால், பேனாவையும் மூடி வைக்க வேண்டும் என்று அர்த்தம். எமிலியும் நெட்டும் பிரிக்கப்பட்டார்கள். இருவருக்கும் நடுவில் மனசு அறிந்த தோழியாக இருந்தவர் பார்பரா வெப் மட்டுமே.

பெட்டிக்குள் ஒரு வாழ்க்கை

அந்தக் காத்திருப்புக் காலத்தில் லுட்யன்ஸ், எமிலிக்காக ஒரு சிறிய பெட்டியைத் தானே வடிவமைத்தார். நகைப் பெட்டி போன்ற அளவு. அதற்குள் குட்டிக் குட்டியாகப் பொருட்கள். ஒரு சின்ன பைபிள். ஓர் இதயம். ஒரு நங்கூரம். சுருட்டி வைக்கப்பட்ட ஒரு வீட்டின் வரைபடம்.

இதயம் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. நங்கூரம், கிறிஸ்தவ மரபில் நம்பிக்கையின் அடையாளம். அலை எவ்வளவு அடித்தாலும் கப்பலை நகரவிடாமல் பிடித்து நிறுத்துவது. அந்த வரைபடம்தான் முக்கியமானது. ‘சின்ன வெள்ளை வீடு’ என்று இருவரும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த, கல்யாணத்துக்குப் பிறகு நாட்டுப்புறத்தில் அவர்கள் வாழப்போகும் வீடு அது.

நிலம் இல்லை, பணம் இல்லை, பெண் வீட்டுச் சம்மதமும் இல்லை. ஆனால் வீட்டின் பிளான் ரெடி! கட்டடக் கலைஞனால் மட்டுமே கொடுக்க முடிந்த காதல் கடிதம் அது.

லுட்யன்ஸுக்கு வேலைகள் வந்துகொண்டே இருந்தன. ‘இந்தப் பையன் பிழைத்துக்கொள்வான்’ என்ற நம்பிக்கை மெதுவாகப் பெண் வீட்டுக்கு வந்தது. 1897 தொடக்கத்தில் சம்மதம் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பெருந்தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டும். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பெண் நடுத்தெருவில் நிற்கக் கூடாதே! பெண்ணைப் பெற்றவளின் நியாயமான கவலைதான். லுட்யன்ஸ் ஒப்புக்கொண்டார்.

இந்த நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். கதையில் திரும்பி வரும்.

தினம் ஒரு கடிதம்

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் சில மாதங்கள். அவர் ரயிலேறி ஊர் ஊராக சைட் பார்க்கப் போவார். அவள் அம்மாவோடு இருப்பாள். கிட்டத்தட்ட தினமும் கடிதம் பறந்தது. இங்கிலாந்தில் தபால் அப்போது சக்கைப்போடு போட்ட காலம். லண்டனின் மையப் பகுதிகளில் ஒரு நாளைக்கே பத்து முறைக்கு மேல் தபால் பட்டுவாடா நடக்கும். காலையில் கோபித்துக்கொண்டு எழுதினால் சாயங்காலத்துக்குள் சமாதானம் வந்துவிடும். கிட்டத்தட்ட வாட்ஸ்அப்தான், ப்ளூ டிக் மட்டும் இல்லை.

லுட்யன்ஸின் கடிதங்கள் தனி ரகம். ஓரங்களில் படம் வரைவார். சிலேடை விடுவார். எழுத்துப் பிழைகளுக்கு வெட்கப்படுவார். தன் படிப்புக் குறைவைத் தானே சொல்லிக் குறைபட்டுக்கொள்வார். வீட்டைப் பற்றி எழுதுவார். அறைகள், நாற்காலிகள், என்ன நிறம், எது எங்கே என்று. எமிலியோ வேறு மாதிரி. கடவுள், நல்ல வாழ்க்கை, ஒருவரோடு ஒருவர் மனம்விட்டு இருப்பது என்று ஆழமாகப் போகிறவர்.

இரண்டு பேரும் ஒரே வெள்ளை வீட்டைப் பற்றித்தான் எழுதினார்கள். ஆனால் அவர் நினைத்த வீடு, அவளுக்காக அவர் கட்டித் தரப்போகும் ஒன்று. அவள் நினைத்த வீடு, அவரோடு உட்கார்ந்து பேசப்போகும் ஒன்று. இந்த வித்தியாசம் கடிதத்தில் தெரியவில்லை. காதலிக்கும்போது யாருக்குத்தான் தெரியும்?

1897 ஆகஸ்ட் 4-ம் தேதி நெப்வொர்த்தில் கல்யாணம் நடந்தது.

அதே 1897-ல், இங்கே...

அதே வருடம் தமிழ்நாட்டில் இன்னொரு கல்யாணம். 14 வயது சுப்பிரமணிய பாரதிக்கும் 7 வயது செல்லம்மாவுக்கும். அந்த வயதில் அவர்களுக்குக் காதல் கடிதம் ஏது? எழுதவும் படிக்கவும் பெண் கற்றிருந்தாலே அதிசயம் என்ற காலம்.

ஆனால் நான்கு வருடம் கழித்து, 1901-ல், காசியில் படித்துக்கொண்டிருந்த பாரதி, கடையத்தில் இருந்த செல்லம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணவரைப் பற்றி யாரோ எதையோ சொல்ல, பயந்துபோன சிறுமி எழுதிய கடிதத்துக்குப் பதில் அது. கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படி, அது எனக்கு மகிழ்ச்சி தரும் என்பதுதான் அதன் சாரம்.

ஒரு பக்கம், மனைவிக்கு வீட்டு வரைபடம் அனுப்பியவர். இன்னொரு பக்கம், மனைவியைப் படிக்கச் சொன்னவர். இரண்டுமே அன்புதான். ஒருவர் தரும் அன்பு மற்றவருக்கு வேண்டிய வடிவத்தில் இருந்ததா என்பது வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். செல்லம்மாவின் பாடும் லேசாக இருக்கவில்லை என்பது தமிழருக்குத் தெரிந்த கதை.

வெள்ளை வீடு என்ன ஆயிற்று?

தேனிலவுக்கு ஹாலந்துக் கடற்கரைக்குப் போனார்கள். திரும்பி வந்து குடியேறியது நாட்டுப்புற வெள்ளை வீட்டில் அல்ல. லண்டன் ப்ளூம்ஸ்பரி சதுக்கத்தில் 29-ம் எண் வீட்டில். வீடும் அதுதான், ஆபீஸும் அதுதான். வேலை குவிந்தது. ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள். லுட்யன்ஸ் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார்.

ஏன் அப்படி? திறமைக்கு வந்த வாய்ப்புகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் பணம். அந்த ஆயுள் காப்பீட்டின் பிரீமியம் வருடா வருடம் கழுத்தைப் பிடித்தது. ‘பெண்ணுக்கு ஒன்றும் குறை வந்துவிடக் கூடாது’ என்று அம்மா போட்ட நிபந்தனையே, அந்தப் பெண்ணிடமிருந்து கணவனின் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டது. அவர் இறந்தால் எமிலிக்குப் பாதுகாப்பு இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போது அவர் பக்கத்தில் இல்லை.

பிரபுக்களுக்கும் பணக்காரர்களுக்கும் இங்கிலாந்து முழுக்க அழகழகான நாட்டுப்புற வீடுகளைக் கட்டிக் கொடுத்தார் லுட்யன்ஸ். எமிலிக்கான சின்ன வெள்ளை வீட்டை மட்டும் கடைசிவரை கட்டவில்லை. ஊருக்கெல்லாம் பட்டுப் பாவாடை தைத்துக் கொடுக்கும் டெய்லர் வீட்டுப் பிள்ளை, பழைய சட்டையோடு பள்ளிக்கூடம் போவது மாதிரி.

அடையாறு அழைத்தது

தனித்துப்போன எமிலி, வெளியே ஒரு பிடிப்பைத் தேடினார். பெண்களுக்கு ஓட்டுரிமை போன்ற பொதுக் காரியங்களில் இறங்கினார். 1910-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். அந்தச் சபையைப் பற்றி எமிலிக்குச் சொன்னதே, பிரான்ஸில் லுட்யன்ஸ் வீடு கட்டிக் கொடுத்த ஒரு குடும்பம்தான். கணவரின் தொழில் வழியாகவே கணவரிடமிருந்து விலகும் பாதை வந்தது.

அந்தச் சபையின் தலைமையகம் சென்னை அடையாறு. தலைவர் அன்னி பெசன்ட். 1911-ல் பெசன்ட் அம்மையார் லண்டனுக்கு அழைத்து வந்த 16 வயது இளைஞர் ஜே.கிருஷ்ணமூர்த்தி. மதனப்பள்ளியில் பிறந்து, அம்மாவை இழந்து, பழக்கமில்லாத ஊரில் மிரண்டு நின்ற அந்தப் பையனுக்கு எமிலி வளர்ப்புத் தாய் போல ஆனார். இப்போது எமிலியின் நீண்ட கடிதங்கள் கிருஷ்ணமூர்த்திக்கும் போகத் தொடங்கின. வீட்டில் சைவச் சாப்பாடு வந்தது. இல்லற உறவிலிருந்தும் எமிலி விலகினார். லுட்யன்ஸுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. பின்னாளில் அவரும் லேடி சாக்வில் என்ற சீமாட்டியின் நெருங்கிய தோழமையைத் தேடிக்கொண்டார்.

1911 டிசம்பரில் இந்தியாவின் தலைநகர் டெல்லிக்கு மாறும் என்று அறிவிப்பு வந்தது. 1912-ல் லுட்யன்ஸ் டெல்லிக்கு அழைக்கப்பட்டார். மாமனார் தர்பார் நடத்திய ஊரில், மருமகன் வைஸ்ராய்க்கு மாளிகை கட்டினார்! 340 அறைகள். சின்ன வெள்ளை வீடு கேட்ட பெண்ணின் கணவர் கட்டியது இது.

வீட்டுக்குள் அரசியலும் இரண்டாகப் பிரிந்தது. லுட்யன்ஸ் இந்தியர்களைப் பற்றியும் இந்தியக் கட்டடக்கலையைப் பற்றியும் தன் கடிதங்களில் இளக்காரமாகவே எழுதினார். எமிலியோ, பெசன்ட் அம்மையார் 1916-ல் சென்னையில் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தை லண்டனில் ஆதரித்தார். வைஸ்ராய் மாளிகை கட்டுகிறவரின் மனைவி, வைஸ்ராய் ஆட்சிக்கு எதிராகப் பேசினால் எப்படி? டெல்லி வேலையே போய்விடுமோ என்று லுட்யன்ஸ் பதறினார். வைஸ்ராயின் மகள் இந்தியச் சுயாட்சியின் பக்கம் நின்றார்.

1925 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் பொன்விழா நடந்தபோது எமிலி அங்கே இருந்தார். அந்த வருடங்களில் டெல்லியில் லுட்யன்ஸின் மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒரே நாடு, இரண்டு ஊர், இரண்டு உலகம்.

ஆனால் கடிதம் நிற்கவில்லை!

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் எழுதுவதை விடவில்லை என்பதுதான் ஆச்சர்யம்.

கப்பலிலிருந்து எழுதினார். டெல்லிக் குளிரில் கூடாரத்திலிருந்து எழுதினார். யாரோடு சாப்பிட்டார், எந்தத் தூண் சரியாக வரவில்லை, எந்த வைஸ்ராய் எதற்குப் பணம் தர மறுத்தார் என்று எல்லாமே எமிலிக்கு. எமிலியும் எழுதினார். குழந்தைகள், கூட்டங்கள், கோபங்கள். நேரில் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் பேச்சு வராத இருவர், கடல் நடுவில் வந்ததும் பேசினார்கள். பத்திரமாக எஞ்சியிருப்பவை சுமார் 5,000 கடிதங்கள். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் இன்ஸ்டிட்யூட் அவற்றைப் பாதுகாக்கிறது. 1985-ல் ஒரு தொகுதி புத்தகமாகவும் வந்தது.

1929-ல் கிருஷ்ணமூர்த்தி, தன்னை உலக குருவாக ஏற்றிருந்த அமைப்பைத் தானே கலைத்தார். எமிலியின் நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. 1930-ல் சபையிலிருந்து விலகினார். 1931 பிப்ரவரியில் புது டெல்லி திறப்பு விழா. அவருடைய பெரிய வேலை முடிந்தது. அவளுடைய பெரிய தேடலும் முடிந்தது. வயதான காலத்தில் இருவருக்கும் நடுவில் பழைய நெருக்கம் திரும்பியது. 1944 ஜனவரி 1-ம் தேதி லுட்யன்ஸ் இறந்தார். எமிலி அதன் பிறகு இருபது வருடம் வாழ்ந்து, 1964-ல் மறைந்தார். இந்தத் தம்பதியின் கடைசி மகள் மேரி, அப்பாவைப் பற்றி எழுதிய புத்தகத்தில், பெற்றோரின் சந்தோஷத்தையும் சங்கடத்தையும் மறைக்காமல் எழுதினார்.

நங்கூரம் பிடித்து நிறுத்தியதா? பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கப்பல் எங்கெங்கோ போனது. ஆனால் கயிறு அறுபடவில்லை. அந்தக் கயிறு, கடிதம்.

ஸ்கூட்டியில் பேசும் பெண்ணுக்கு...

எமிலியிடம் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. மனசில் பட்டதை ஒளிக்காமல் எழுதும் பயிற்சி அவருக்குப் பதின்மூன்று வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த உண்மை எல்லாம் போனது எழுபது வயது தாத்தாவுக்கு. வருங்காலக் கணவருக்குப் போனது கனவு. அவரும் கனவையே திருப்பி அனுப்பினார். ‘வேலையா, நானா என்று வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வியும், ‘எனக்குக் கடவுள் தேடல் உண்டு, அதற்கு உங்கள் வீட்டில் இடம் இருக்குமா?’ என்ற கேள்வியும் கல்யாணத்துக்குப் பிறகுதான் எழுந்தன. அப்போது பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை.

இன்று அஸ்தம்பட்டியில் நிச்சயமான பெண்ணுக்கு, மாப்பிள்ளையின் காலைச் சாப்பாடு முதல் ராத்திரித் தூக்கம் வரை எல்லாம் தெரியும். மண்டபம் புக் ஆகிவிட்டது, புடவை நிறமும் முடிவாகிவிட்டது, போட்டோகிராபருக்கு அட்வான்ஸும் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போவாளா, சம்பளம் யார் கையில், அவள் அம்மா அப்பாவுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது, வீட்டு லோன் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியுமா? ‘இதையெல்லாம் இப்பவே கேட்டா நல்லாருக்காதே’ என்று நினைப்பாள். அவனும் அப்படியே நினைத்து எதையோ கேட்காமல் விட்டிருப்பான்.

கேட்கலாம். இப்போதுதான் கேட்க வேண்டும். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால், எழுதலாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே ஒரு கடிதம். நம் அம்மாக்கள் நீல நிற இன்லேண்ட் லெட்டரில், ஓரத்து மடிப்பில்கூட இடம் விடாமல் நுணுக்கி எழுதினார்களே, அதே மாதிரி. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்தாலும் பரவாயில்லை. அடுத்த வரியில், உண்மையில் என்ன வேண்டும் என்பதை எழுதிவிட வேண்டும்.

அதே போல, வருகிற கடிதத்தையும் இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை நமக்குப் பிடித்ததைத்தான் படிப்போம். இரண்டாவது முறைதான் அவர் எழுதியது கண்ணில் படும்.

லுட்யன்ஸ் வரைந்து சுருட்டி வைத்த அந்த பிளானில் எல்லா அறைகளும் இருந்தன. எந்த அறையில், எத்தனை மணிக்கு, இருவரும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை, அவரும் குறிக்கவில்லை. வீடு கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுவது நல்லது.